டி டிரைவில் இருப்பவர்கள்

பல்லி என்றுதான் அவர் நினைத்தார்.
எந்தப் பக்கம் சொல்லுதுன்னு பாரு,
லோரி எடுக்கணும்.
மேசைக்கடியில் குனிந்தேன்.
கிழக்கும் இல்லை தெற்கும் இல்லை,
கணினிப் பெட்டிக்குள்ளிருந்து
டொக்.
டொக்.
கொஞ்சம் யோசித்துவிட்டு
இன்னொரு டொக்.

சுங்கைப்பட்டாணிக் கடையில் ஆ லோக்
திறக்காமலேயே காதை வைத்துக் கேட்டான்.
தலை இடிக்குது, காக்.
பினாங்குக்கு அனுப்பினால் ரெண்டாயிரத்து நானூறு வெள்ளி.
அதுக்கும் உத்தரவாதம் கிடையாது.
அனுப்பாவிட்டால்?
சும்மா சும்மா தட்டாதே,
ஒவ்வொரு தடவையும் இதுதான் கடைசின்னு வச்சுக்கோ.

பஸ்ஸில் கணக்குப் போட்டேன்.
காதுகுத்து பேனர் ஒன்றுக்கு
அச்சுக்கூலி போக மிச்சம் பதினேழு வெள்ளி.
நூற்று நாற்பத்திரண்டு பிள்ளைகள் வேண்டும்.
பீடோங்கில் இந்த வருஷம்
அத்தனை பிள்ளைகள் பிறக்கவில்லை.

என் டி டிரைவில் பாதி ஊர் இருக்கிறது.
எல்லாரும் பின்னணி வெட்டப்பட்டவர்கள்.
பின்னால் தொங்கிய துவைத்த துணி,
செம்பனைத் தோட்டத்துப் போர்டு,
தோளில் கிடந்த யாரோ ஒருவரின் கை,
எல்லாவற்றையும் அழித்துவிட்டு
தலையை மட்டும் வைத்துக்கொண்டேன்.
சிலருக்குக் கோட்டு மாட்டினேன்.
கேட்டவர்களுக்கு முடியும் வைத்தேன்.

ஐஸ்பெட்டியில் வைத்தால் கொஞ்சம் பிழைக்கும் என்று
யாரோ சொன்ன வைத்தியம்.
இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றி
கெம்போங் மீனுக்கும் தோசை மாவுக்கும் நடுவில் படுக்க வைத்தேன்.
ஆ லோக்கிடம் இதைச் சொல்லவில்லை.

எடுத்து மாட்டினால் பதினொரு நிமிடம் பேசியது.
பிறகு டொக்.

முதல் தடவை நான் காப்பாற்றியது
யார் யார் எவ்வளவு பாக்கி என்ற கணக்கை.
வெட்கமாகத்தான் இருந்தது.
இரண்டாவது தடவை
யாழிசை நடை பழகிய வீடியோ.
பாதியில் நின்றுவிட்டது.
ஒரு காலைத் தூக்கியவள் இன்னும் கீழே வைக்கவில்லை.
மூன்றாவதை
அந்தக் காலுக்கென்று வைத்திருந்தேன்.

இரவு பத்தரைக்கு வாசல் கேட்டைத் தட்டினான் திவாகர்.
மழைக்கோட்டைக்கூடக் கழற்றவில்லை.
அப்பா போயிட்டாரு.
காலையில நோட்டீஸ் வேணும்.
போன்ல இருக்கறதெல்லாம்
மூக்கில குழாயோட எடுத்ததுதான், அக்கா.

பெரியண்ணன்.
மகள் கல்யாண பேனரைப் பிரித்துப் பார்த்து
என் மூக்கை இப்படியா இழுத்து வைப்பே என்று
காசு கொடுக்காமல் போனவர்.
காப்பாற்றிய கணக்கில் பத்திரமாக இருக்கிறது
அந்த நாற்பது வெள்ளி.

திவாகரை உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.
ஐஸ்பெட்டியைத் திறந்தேன்.
பையில் கோத்திருந்த தண்ணீரைத் துண்டால் ஒற்றி
மேசைக்காற்றாடியை அதன் பக்கம் திருப்பி
மாட்டினேன்.

இரண்டாயிரத்துப் பதினாறு. கல்யாணங்கள். பானா.
பச்சைக் கோடு நகர்கிறது,
நிற்கிறது,
நகர்கிறது.
எட்டு நிமிடம்.
ஒன்பது.
மேலிருந்து கீழாக அவர் வந்தார்:
முதலில் வழுக்கை,
பிறகு திருநீறு, கண்,
சண்டைக்காரமான மூக்கு, மீசை,
வலது தோள், இடது தோள்.
அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

போதும்.
மரண அறிவிப்புக்குத் தோள் வரைக்கும்தான் வேண்டும்.

டொக் என்று ஒன்று கேட்டது.
அப்புறம் அதுவும் கேட்கவில்லை.

பெரிதாக்கிப் பார்த்தேன்.
அவர் சொன்னது சரி.
கொஞ்சம் இழுத்துத்தான் வைத்திருந்தேன்.
திருத்தினேன்.
பெரியண்ணன் த/பெ சடையன், வயது எழுபத்தொன்று,
நாளை மாலை நான்கு மணிக்கு வீட்டிலிருந்து.
முப்பது தாள் ஓடியது.
எவ்வளவுக்கா?
தாள் காசு மட்டும் குடு, தம்பி.

அவன் மோட்டார் போன பிறகும்
மேசைக்காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது
ஒன்றுமில்லாததன் மேல்.

பக்கத்து அறைக் கதவு திறந்தது.
மூன்றாம் படிவம், நாளைக்குச் சோதனை.
இரண்டு கால்களும் தரையில்தான் இருந்தன.
என்னம்மா,
கம்ப்யூட்டர்லேர்ந்து மீன் வாடை அடிக்குது?