அரைப் பேர்

ஹட்டனில் ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடி.
சனிக்கிழமை இங்கிலீஷ் வகுப்பு.
மிஸ்ஸுக்கு இருபத்துமூன்று, எனக்கு முப்பத்தாறு.
கீழே தகரம் வெட்டுகிறார்கள்;
சத்தம் ஓய்கிற இடைவெளிகளில்தான் இலக்கணம்.

சொல்லுக்கு வால் ஒட்டுகிறாள் மிஸ்.
டார்க்குக்குப் பின்னால் நெஸ்.
"இப்ப இது பெயர்ச்சொல். ஆனா கையால தொட ஏலாது."
பெயர் எனக்குத் தெரியும்.
பதினெட்டுக் கிலோ கொழுந்துக்கு ஒரு பேர்,
குறைந்தால் அரைப் பேர்.
இன்றைக்கு மத்தியானமே கூடையை இறக்கிவிட்டு வந்தேன்,
செக்ரோலில் என் பேரில் பாதிதான் இருக்கும்.

பே, மென்ட், பேமென்ட்.
"அதைத் தொடலாமே மிஸ்" என்றேன்.
அவள் சோக்கட்டியைப் பார்த்தாள்.
"சிலதைத் தொடலாம்" என்றாள்.

சைல்ட்ஹூட் வந்தபோது
பின்வாங்கில் திரிலோகன் கேட்டான்:
"ஹூட் என்டா கொங்காணிதானே?"
சிரித்தோம். நான் கொஞ்சம் பிந்திச் சிரித்தேன்.
மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கொங்காணி எங்கள் வீட்டில்;
முன்னால் நடப்பவளுக்கு மட்டும் தலை நனையாது.

பிறகு ஷிப்.
பிரெண்ட்ஷிப், லீடர்ஷிப்,
மூன்றாவதாக சிட்டிசன்ஷிப்.
மிஸ் எழுதி முடிக்கும் முன்பே
எனக்குள் அது இரண்டாக உடைந்தது.
பெரியம்மாவுக்கு முன்பாதி இல்லை என்றார்கள்.
பின்பாதியை மட்டும் கொடுத்தார்கள்,
தலைமன்னாரில், எழுபத்துமூன்றில்,
ஒரு தகரப்பெட்டியோடு.
அக்கரையிலிருந்து ஒரேயொரு கடிதம்:
இங்கே குளிரே இல்லை.
அது நல்ல செய்தியா என்று
அம்மாவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

அம்மா இங்கேயே பேர் போட்டுக்கொண்டிருந்தாள்,
எந்த நாட்டின் பேரும் இல்லாமல்.
ஐம்பத்துமூன்று வயதில் முதல் வோட்டு.
இடக்கைச் சின்னவிரலை உயர்த்திப் பிடித்தபடி
பானை கழுவினாள் ஒரு வாரம்.

கொப்பியில் சிட்டிசன்ஷிப்புக்கு எதிரே
தமிழில் எழுதிப் பார்த்தேன்: குடியுரிமை.
நம்முடைய வாலைச் சுற்றி ஒரு வட்டம்.
வறுமைக்கும் அதே வால்.
பொறுமைக்கும்.

"வாக்கியத்தில அமைங்க" என்றாள் மிஸ், என்னைக் காட்டி.
எழும்பி நின்றேன்.
மை மதர், என்று ஆரம்பித்தேன்.
கீழே மறுபடி தகரம் வெட்டத் தொடங்கினார்கள்.