ஆறாம் நம்பர்

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு இந்தப் பருவத்தின் முதல் மெட்ச்.
புதன்கிழமை என்னை உளவு பார்க்க அனுப்பினார்கள்.
பதினெட்டுப் பேரில்
ஓட முடியாதவன் நான் ஒருத்தன்தான்.

கொட்டாஞ்சேனையிலிருந்து தெமட்டகொடைக்கு இரண்டு பஸ்.
இரண்டிலும் யாரோ எழும்பி இடம் தந்தார்கள்.
ஊன்றுகோலுக்குக் கொழும்பில் இன்னும் மரியாதை உண்டு.
கொண்டக்டர் மட்டும் மிச்சக் காசு தரவில்லை.

அவர்களுடைய மைதானம் ரயில் பாதைக்குப் பக்கத்தில்.
புல் என்று பார்த்தால்
மூலைக்கொடி நடுகிற இடத்தில் கொஞ்சம்.
மற்றதெல்லாம் செம்மண், விழுந்தவனின் தோல் அதற்குத்தான்.
மதிலுக்கு இந்தப் பக்கம்
டயர் இல்லாத ஓட்டோ ஒன்றில் சாய்ந்து
கொப்பியைத் திறந்தேன்:
சறுக்கி மறிக்க வேண்டாம்.

கோலி நுஸ்கி. உயரம்.
கையிரண்டும் கதவு நிலை.
ஆனால் வெயில் சாயச் சாய
ஒவ்வொரு பந்துக்கும் முதல் தொப்பியை இழுத்துவிடுகிறான்.
ஐந்து மணிக்குச் சூரியன்
யார்ட் கூரைக்கு மேலே வந்து
அவன் கண்ணுக்குள் நிற்கும்.
டொஸ் வென்றால் எந்தப் பக்கம் கேட்பது என்று
ஜெனிஸ்டனுக்குச் சொல்லணும்.
இரண்டாம் பாதி முழுக்க உயர அடிக்கணும்.

இடது விங், பதினொன்று.
பெயர் தெரியாது, எல்லாரும் எக்ஸ்பிரஸ் என்கிறார்கள்.
ரயில் வந்தால் ரயிலோடு ஓடுகிறான்.
ஒருதரம் ரயில் தோற்றது.
அது யார்ட்டுக்குள் போகிற வெறும் எஞ்சின்,
கணக்கில் சேராது.

நடுவில் இருவர்.
ஒருத்தன் சிங்களத்தில் கூப்பிட
மற்றவன் தமிழில் திட்டுகிறான்.
பந்து மட்டும் போக வேண்டிய இடத்துக்குப் போகிறது.

பிறகு ஆறு.

ஆறைப் பற்றி எனக்குக் குறிப்புத் தேவையில்லை.
சித்திரையில் அவர்களோடு ஒரு மெட்ச் விளையாடினோம்.
அதற்குப் பெயர் நட்பு ஆட்டம்.
எழுபத்தோராம் நிமிடம் என் காலுக்குள் ஒரு சத்தம்,
தென்னம்மட்டை முறிந்த மாதிரி என்றார்கள்
லைனில் நின்றவர்கள்.
எனக்கு அது கேட்கவில்லை.
எனக்குக் கேட்டது,
மேலே விழுந்து கிடந்தவன்
என் காதுக்குப் பக்கத்தில் "யா அல்லாஹ்" என்றதுதான்.

இன்ஷாப்தான் என்னைக் கண்டுபிடித்தான்.
மதில் உடைந்த இடத்தால் வந்தான்,
தலையில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் கதிரை.
"நிண்டு பாத்தா கால் வீங்கும். இரி."

உளவாளிக்கு எதிரி கதிரை போட்டால்
என்ன செய்வதென்று கோச் சொல்லித் தரவில்லை.
இருந்தேன்.
இஞ்சி போட்ட பிளேன்டீயும் வந்தது.
"எங்கட லெஃப்ட் பெக் வலம் திரும்ப மாட்டான்.
எழுதிட்டியா?"
எழுதியிருந்தேன்.
சிரித்தான்.

பிறகு குனிந்து பூட்ஸ் கயிறைக் கட்டினான்.
கட்டியிருந்ததை அவிழ்த்துத் திரும்பவும் கட்டினான்.
"அதுக்குப் பிறகு எனக்கு டெக்கிள் போக ஏலாது மச்சான்.
கால் போகுது.
உள்ளுக்கு ஏதோ பிரேக் அடிக்குது.
கோச்சுக்குத் தெரியாது."
விசில் கேட்டது. ஓடிவிட்டான்.

பஸ்ஸில் ஆறு என்று எழுதினேன்.
ஆமர் வீதி தாண்டும் வரைக்கும்
அதற்குப் பக்கத்தில் வெறும் கோடுதான்.

இரவு ஜெனிஸ்டன் வீட்டு மொட்டைமாடி.
போத்தல் மூடிகளை வைத்து
பதினொரு பேரையும் நிறுத்தினோம்.
நுஸ்கியின் வெயிலைச் சொன்னேன், கைதட்டினார்கள்.
லெஃப்ட் பெக்கைச் சொன்னேன்,
ஜெனிஸ்டன் ஒரு மூடியை வலப்பக்கம் நகர்த்தினான்.
"ஆறு?" என்றான், என் காலைப் பார்த்தபடி.
"அவனுக்கு என்ன?"

"கதிரை தருவான்" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள்.
துறைமுகப் பக்கம் மின்னியது.
மழைக்கு முன்னால் மூடிகளைப் பொறுக்கியபோது
ஆறாம் மூடி என் கைக்குள் இருந்தது,
ஓரம் கொஞ்சம் நெளிந்து.

நாளைக்கு வியாழன்.
சொல்வதற்கு இன்னும் ஒரு நாள் இருக்கிறது.