கழிவு போக

பாசனச் சங்கத்துக் கூடத்தில் நாற்காலி நாற்பத்தொன்று,
வந்தவர்கள் ஐம்பத்தாறு.
நான் வாசல் பக்கம், வருகைப் பதிவேட்டோடு.
கணக்கு எழுதுபவளுக்கு ஓட்டு கிடையாது.

வெளியே அல்மேரியா.
மலையடியிலிருந்து கரைவரை வெள்ளை நெகிழிக் கூரைகள்.
காற்று அடித்தால்
கடலுக்கு முன்னால் இன்னொரு கடல் படபடக்கும்.
அதற்குள் குடைமிளகாய், தக்காளி, வெள்ளரி,
எல்லாம் குழாய் முனையில் வாய் வைத்தபடி.

மாட்ரிட்டிலிருந்து வந்தவர் மதியம் சாப்பிடவில்லை.
லேசரின் சிவப்புப் புள்ளி திரையில் நடுங்கியது.
நீலக்கோடு: கடலிலிருந்து உப்பு நீக்கிய நீர்.
பச்சைக்கோடு: நகரம் குளித்து, கழுவி, கொப்பளித்து விட்டதை
வடிகட்டி, புற ஊதாக் கதிரில் காட்டி, மறுபடி நீர்.
"பச்சை ஆண்டுக்கு ஆண்டு வேகமெடுக்கிறது.
இதோ, இந்த இடத்தில் நீலத்தை முந்தும்.
முதலீடு இப்போதே அந்தப் பக்கம் சாய்கிறது."

பர்த்தொலோமே எழுந்தார்: "கடல் வற்றாது, ஐயா."
"வற்றாது. மின்கட்டணமும் வற்றாது."
சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.
அந்தக் குளிர்காலத்துப் பட்டியல்களை அடித்தவள் நான்:
கனமீட்டர் அறுபது சென்ட் என்று இருந்த வரியில்
ஒரு யூரோ பன்னிரண்டு.
ஹினெஸ் ஆர்தேரோவின் பெயரையும்
மார்ச்சில் சிவப்பு மையால் நான்தான் அடித்தேன்.
கூரையை எடைக்குப் போட்டுவிட்டு வந்தவர்
சாவியை என் மேசையில் வைத்தார்.
இன்னும் இழுப்பறையில் கிடக்கிறது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டுமாம்.
உப்பை எடுத்தவர்
மாதாமாதம் பதினைந்தாம் தேதி
தாமாகவே நினைவுபடுத்துகிறார்.

அப்புறம் ஹாம்பர்க் கொள்முதல்காரரின் மின்னஞ்சலை வாசித்தார்கள்.
ஆய்வறிக்கைகள் சரி, கிருமி இல்லை, நன்றி.
ஆனால் வாடிக்கையாளர் கேட்டால்
'கடல்' என்று சொல்ல முடியுமா?
கடல் என்றால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.
மற்றதற்கு ஒரு பெயர் கண்டுபிடியுங்கள்,
அதுவரை கிலோவுக்கு நான்கு சென்ட் குறைத்துக்கொள்கிறோம்.

நான்கு சென்ட்.
என் பேரேட்டில் அதற்கு ஒரு பத்தி உண்டு, தலைப்பு: கழிவு.
சாக்கடையில் போவதற்கும் விலையில் போவதற்கும்
ஒரே சொல் வைத்தவன் வியாபாரியாகத்தான் இருந்திருப்பான்.
மலிவு நீரில் மிச்சம் பிடித்ததை இந்தக் கழிவு தின்றுவிடுமா?
பதிவேட்டின் ஓரத்தில் போட்டுப் பார்த்தேன்.
தக்காளிக்குத் தின்னும்.
மிளகாய், உரச்செலவு குறைவதையும் சேர்த்தால், மயிரிழையில் தப்பும்.
யாரும் என்னைக் கேட்கவில்லை.

கேட்டது ஃபுவென்சாந்தா, பின்வரிசை,
இரண்டு ஹெக்டேர், இடுப்பில் இன்னும் செடி கட்டும் கயிறு:
"உங்கள் பச்சைக் கோட்டில் ஆகஸ்ட் எங்கே?"
அவருக்குப் புரியவில்லை.
"ஆகஸ்டில் விடுதிகள் நிரம்பும். ஆளுக்கு மூன்று முறை குளிப்பார்கள்.
எங்கள் மண் அப்போது வெறுமனே வெயில் காயும்,
ஒரு சொட்டு வேண்டாம்.
ஜனவரியில் செடி தாகமென்று கத்தும்போது
குளிக்க ஆள் ஏது?"

புள்ளி திரையில் அலைந்தது.
ஆண்டுகள் இருந்தன. மாதங்கள் இல்லை.

"குளம் வெட்டித் தேக்கலாமே" என்றது ஒரு குரல்.
"எவன் நிலத்தில்?"
ஐம்பத்தாறு பேரும் அவரவர் காலணியைப் பார்த்தார்கள்.
ஓட்டு அடுத்த செவ்வாய்க்குப் போனது.

எல்லாரும் போனபின் தம்ளர்களைக் கழுவினேன்.
தொட்டித் துளையில் நீர் சுழன்று இறங்கியது.
போகட்டும். திரும்பி வரும்போது
அதற்கும் பட்டியல் நான்தான் அடிப்பேன்.
விளக்கை அணைக்குமுன் இழுப்பறையைத் திறந்தேன்.
ஹினெஸின் சாவி.
பாக்கிக்காகச் சங்கத்தின் பெயருக்கு மாறிய ஒன்றரை ஹெக்டேர்,
கூரை இல்லாமல், சரிவின் அடியில்,
நீர் யாரையும் கேட்காமல்
தானாகவே போய்ச் சேரும் இடத்தில்.