கூரைக்கு மேல் முக்கால் மீட்டர்

என் அலமாரியில் நீலக் கோப்பு விடுதிகளுக்கு,
சாம்பல் கம்பெனிகளுக்கு, பச்சை அரசாங்கத்துக்கு.
மஞ்சள், வீடுகள்.
மஞ்சளில் காசு வராது. கணக்காளர்
ஒவ்வொரு ஜூனிலும் அதைச் சொல்லிவிட்டுத்தான் தேநீர் குடிப்பார்.

பெல் மாரில் கான்கிரீட் தளம் வார்த்து
அதன் தலையில் கரும்புத் தோகை வேய்ந்தேன்.
எது கூரை, எது வேஷம் என்பது
புயலுக்குத் தெரியும்; விருந்தாளிக்குத் தெரிய வேண்டாம்.
குளியலறைக்குக் கடல்பக்கச் சுவர் எதற்கு என்றார் முதலாளி.
எடுத்துவிட்டேன்.
பத்திரிகையில் படம் வந்தது. அட்டையில்.
திறந்து ஒரு வாரம் கழித்துப் போனால்
என் தேக்குச் சட்டங்களில், அறைக்கு அறை,
ஈர நீச்சலுடை தொங்குகிறது.
கோபம் வந்தது எனக்கு.
காயப்போட ஒரு கொக்கிகூட நான் வரையவில்லை என்பது
அப்போது உறைக்கவில்லை.

எபேனில் பதினோரு மாடிக் கண்ணாடி.
மூன்று மணி வெயிலை வாங்கி
எதிர்க் கட்டடத்துச் சம்பளப் பிரிவின் மேல் எறிகிறது.
நிழல்தட்டுகள் வரைந்திருந்தேன், பட்ஜெட் தின்றுவிட்டது;
கூட்டக் குறிப்பில் எல்லாம் பதிவாகியிருக்கிறது.
கூட்டக் குறிப்பு யாருக்கு நிழல் தரும்?
அங்கே ஒரு பெண் குடை பிடித்தபடி
கணினி பார்ப்பதாகக் கேள்வி.

சூயாக் பள்ளிக்கூடத்தை நினைத்தால்தான்.
நடைவழி இரண்டு மீட்டர் நாற்பது என்று கேட்டேன்.
அமைச்சகம் ஒன்று எண்பதில் கையெழுத்திட்டது.
பிள்ளைகள் ஒல்லிதானே என்று ஒருவர் சிரித்தார்.
நானும் சிரித்து வைத்தேன்.
பிப்ரவரியில், மூன்றாம் எச்சரிக்கை ஏறிய இரவு,
தகரவீட்டுச் சனமெல்லாம் அங்கே வந்து படுத்தது,
நீளவாக்கில், மூன்று வரிசையாக.
நான்காவது வரிசைக்காரர்கள்
விடியும்வரை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்கள்.
ஒருவர் மடியில் கோழிக்கூண்டு.
அறுபது சென்டிமீட்டர்:
என் கையேட்டில் அது ஒரு ஆள் படுக்கும் அகலம்.

இந்த வாரம் மஞ்சள்.
ரோஸ் ஹில் பஸ் டிரைவர் வலாய்டென்
பதினேழு வருஷத்துக்கு முன் கிரியோலில் சொன்னது
என் கையெழுத்தில் கோப்பில் இருக்கிறது:
"கம்பியை வெட்டவேண்டாம், மதாம். மேலே மகளுக்கு."
இந்தத் தீவில் வீடுகள் சுலபத்தில் முடிவதில்லை.
தளத்தின் மூலைக்கு மூலை கம்பிகள்
முக்கால் மீட்டர் நீட்டிக்கொண்டு
அடுத்த மாடியைக் கேட்டபடி நிற்கும்.
மகள் டப்ளினில் நர்ஸ். அங்கேயே வீடு வாங்கிவிட்டாள்,
சரிவான ஓட்டுக்கூரை, மேலே ஒன்றும் ஏற்ற முடியாது.
இவர் வருஷா வருஷம் துரு சுரண்டிப் பெயின்ட் அடித்து
நுனிக்கு நுனி பிளாஸ்டிக் பாட்டில் கவிழ்க்கிறார்.
ஆனாலும் தண்ணீர் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கி
கட்டிலுக்கு நேர் மேலே
மடகாஸ்கர் மாதிரி ஒரு கறை.

பதினாறையும் வெட்டி அடைத்துவிடலாம் என்றேன்.
தொழில் தெரிந்தவள் சொல்லவேண்டியது அதுதான்.
அவர் தரையைப் பார்த்தார்.
பேசின் நிறையத் துணியோடு ஏறி வந்த அவர் மனைவி,
சரோஜினி,
"மூலைக்கு ஒன்றை விடுங்கள்" என்றார்.
இவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஆமாம், அவள் வந்தால்..."
"அவள் எதுக்கு? போர்வை காயவேண்டாமா?"

நான்கு கம்பிகள் வரைந்தேன்,
ஒவ்வொன்றைச் சுற்றியும் சிறு திட்டு, நீர் விலகி ஓட.
பக்கத்தில், 'எதிர்கால மாடி' என்றே எழுதிப் பழகிய கை
கொஞ்சம் நின்று
'துணிக்கொடி' என்று எழுதியது.
சுமை: நனைந்த போர்வை, இரண்டு.
காற்று: மூன்றாம் எச்சரிக்கைக்கு முன் எடுத்துவிடவும்.