நாலு பைசா

நாலு காசு பார்த்துட்டு வர்றேன் என்றுதான்
போனார் வைரவமூர்த்தி,
நகோயாவில் ஒரு செட்டிநாட்டு மெஸ்ஸுக்கு.
அந்த நாலு காசை இப்போதுதான் பார்க்கிறோம்,
எதிர்த்திசையில்.
பொங்கலுக்கு ஒரு யென் அறுபத்தோரு பைசா.
ஆடி பிறந்தபோது ஐம்பத்தேழு.

பைசாவை இங்கே யாரும் மதிப்பதில்லை.
செக்காலை ரோட்டு மருந்துக் கடையில்
ஐம்பது பைசா மீதிக்கு
ஒரு சாக்லேட்கூட வராது.
ரசீதில் பிறந்து ரசீதோடு குப்பைக்குப் போகிற அந்தக் காசில்தான்
கோட்டையூரில் என் வீடு எழும்புகிறது.
லட்சம் யென்னுக்கு
ஒரு பைசா இறங்கினால் ஆயிரம் ரூபாய்.
நாலு பைசா,
கொத்தனார் சேவுகனுக்கு மூன்றரை நாள் கூலி.

எனக்கு லேபில் வேலை.
ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் அச்சடிப்பேன்.
சர்க்கரை ஏறினால் சிவப்பு எழுத்து,
ஹீமோகுளோபின் இறங்கினாலும் சிவப்பு எழுத்து.
பால் பாக்கெட்டை வெட்டும் முன்
போனில் பார்க்கிற ரேட்டும் அதே சிவப்பு.
வருகிறவர்களிடம்
"மாத்திரை போட்டா ஏறிரும்" என்று சொல்லிப் பழகிய வாய்.

"ரூபா விழுந்திருச்சாமே, உனக்கு யோகம்தான்"
என்கிறாள் பக்கத்து மனைக்காரி தெய்வானை.
அவள் வீட்டுக்காரர் ஷார்ஜா.
திர்ஹம், டாலரின் இடுப்பை விடாத பிள்ளை.
ரூபாய் சறுக்கினால் அவளுக்கு மாடி ஏறும்.
எப்படிச் சொல்வேன்,
ரூபாய் விழுகிறதுதான் தெய்வானை,
யென் அதற்கு முன்னால் விழுந்து கிடக்கிறது என்று.

அங்கே சம்பளம் அதே இரண்டு லட்சத்து இருபதாயிரம்,
மூன்று வருஷமாக.
அறை வாடகை அதே இல்லை.
மிளகும் கல்பாசியும் கப்பலில் வருகின்றன,
கப்பல்காரனுக்கு டாலர்.
முதலாளி சாப்பாட்டில் நூறு யென் ஏற்றினார்.
மதியக் கூட்டத்தில் பாதி
எதிர்க்கடைக்குப் போனது.
ஓவர்டைம் அதன் பின்னாலேயே போனது.

திங்கட்கிழமை மெஸ் லீவு.
வீடியோவில் அவர் சட்டென்று
கேமராவைக் கூரைக்குத் திருப்பினார்.
அதற்குள் பார்த்துவிட்டேன்:
கப்பில் நூடுல்ஸ், மேலே ஒரு முட்டை.
"சோறு?"
"இங்க அரிசி வெல ரெண்டு மடங்கு ஆயிருச்சு.
அரிசி நாட்டுலயே!"
சிரித்தார்.
தினம் அறுபது பேருக்கு வடிக்கிற கை.
"வேலை எதுவரை வந்திருக்கு?" என்றார்.
"மளமளன்னு நடக்குது" என்றேன்.
கம்பி வாங்காமல் பதினோரு நாள்.

"ரேட் ஏறட்டும், பொறுத்து அனுப்புறேன்."
சரிதான்.
சனிக்கிழமை பொறுக்காது.
சேவுகன் வாசலில் வந்து நின்று
மூக்குப்பொடி தட்டுவார், எதுவும் கேட்கமாட்டார்.
அது கேட்பதைவிட மோசம்.

எங்கள் மனைக்குப் பின்னால்
பூட்டிய வீடு ஒன்று, அடுத்த தெருவரை நீள்கிறது.
பர்மாவில் ஈட்டிய பணம் என்பார்கள்.
அந்தப் பணமும் ஏதோ ஒரு காலையில்
இறங்கியிருக்கும்.
எத்தனை தூணில் வேலை நின்றது,
யார் யாரிடம் மளமளன்னு நடக்குது என்றார்கள்,
அதை எந்தச் சுவரிலும் எழுதி வைக்கவில்லை.

ஆவணியில் நிலை வைத்தோம்.
நவதானியம், பொட்டுத் தங்கம்,
பிறகு அவர் பார்சலில் அனுப்பிய காசு,
நடுவில் துளையிட்ட ஐந்து யென்.
அங்கே அது அதிர்ஷ்டமாம்.

சேவுகன் துளை வழியாக
ஒற்றைக் கண்ணால் வானம் பார்த்தார்.
"இந்த ஓட்டக் காசு எம்புட்டும்மா போகும்?"
"பொங்கலுக்கு மூணு ரூவா சொச்சம்.
இன்னைக்கு ரெண்டே முக்கால்."
"நாளைக்கு?"

பதிலுக்குக் காத்திராமல்
குழிக்குள் போட்டார்.
கரண்டி நிறைய கலவையை
அதன் மேல் அப்பினார்.

"இனி எறங்காது" என்றார்.