ஒன்பதாவது அட்டை

கரடிக்குச் சில அட்டைகள் தள்ளி
இருக்கிறது இந்தச் சொல்: பாத்தர்.
எங்கள் மொழியில் கரடி, பாவ்காய்.
இரண்டுக்கும் ஒரே பெட்டி, ஒரே தூசி.

பெயர்ச்சொல். வீரன்.
இவ்வளவோடு எழுந்து சாப்பிடப் போயிருக்கலாம்.
பதிப்பாசிரியர் சம்பூ விடவில்லை.
"ஆள் வாயில் வந்த வாக்கியம் கொண்டு வா,
சிலைக்கு அடியில் இருப்பது வேண்டாம்."

சனவரி முழுக்கப் பொறுக்கினேன்.

உலான் பாத்தர்: சிவப்பு வீரன்.
ஊர்ப்பெயரிலேயே நிற்கிறான்,
கரிப்புகையில் முகம் தெரியாமல்.
நாங்களோ "நகரத்துக்குப் போகிறேன்" என்பதோடு சரி.
முழுப்பெயர் உறைகளின் மேல் மட்டும்.

ஊசி போடும் தாதி
அழாத குழந்தையிடம் சொன்னாள்: பாத்தர்.
அழுத குழந்தையிடமும் அதையே,
கொஞ்சம் உரக்க.

விடியற்காலை மூன்று மணிக்கு
சொந்த வீட்டுக் கதவையே உதைத்தவனிடம்
உள்ளிருந்து மனைவி:
"வந்துட்டாரு பாத்தர்."
(அட்டை நான்கு. எள்ளல். ஆச்சரியக்குறி தேவையில்லை.)

மூன்றாம் மாடி தொமொர்பாத்தர்,
பெயருக்கு இரும்பு வீரன் என்று பொருள்,
பல் டாக்டர் நாற்காலியில் என் கையைப் பிடித்து
நகம் பதிய அழுத்தினார்.
இதை எந்த எண்ணில் சேர்ப்பது?

பழைய சாமான் சந்தையில் ஒரு பதக்கம்.
"நிஜ பாத்தருடையது" என்றான் விற்பவன்.
"ஊசி மட்டும் புதுசு."

இதே சொல் முன்னொரு காலம் குதிரையேறித்
தெற்கே போயிற்றாம்.
பாரசீகத்தில் தங்கி, தில்லியில் இறங்கி,
பகதூர் என்று பெயர் மாற்றிக்கொண்டு
தலைப்பாகைக்காரர்களின் பெயருக்குப் பின்னால்
வாலாக ஒட்டிக்கொண்டதாம்.
வாளைத் தொடாதவர்களுக்கும் கொடுத்தார்களாம்.
போன இடத்திலிருந்து அது
ஒரு கடிதமும் போடவில்லை.

எட்டு அட்டை ஆயிற்று.
பிப்ரவரி ஏழு, மைனஸ் முப்பத்தொன்பது,
எங்கள் தெருவில் வெந்நீர்க் குழாய் வெடித்தது.
எழுபது வீடுகளின் சுவர்கள் ஒரே நேரத்தில் ஆறத் தொடங்கின.
கொதிகலன் அறையிலிருந்து நெர்குய் வந்தாள்.

பெயரில்லை என்பதுதான் அவள் பெயர்.
முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை;
கூப்பிட வரும் பேய்
எதைச் சொல்லிக் கூப்பிடும் என்று வைத்தது.

குழிக்குள் இறங்கினாள்.
வால்வு திரும்பவில்லை.
கீழே ஆவி, மேலே பனி;
புருவம் கருகி அதன் மேலேயே உறைந்தது.
நான்கு மணி நேரம்.
குழியைச் சுற்றி நின்றவர்களில் நானும் ஒருத்தி,
கையில் ஒரு ஃபிளாஸ்க்,
அதை யாருக்குக் கொண்டு வந்தேன் என்று மறந்து
நானே குடித்திருந்தேன்.

மறுநாள் அவளிடம் கேட்டேன்,
வெட்கம் கெட்டுப்போய், அட்டையும் பேனாவுமாக:
பாத்தர் என்றால் என்ன?

உப்புத் தேநீரை ஊதிக்கொண்டே சொன்னாள்:
"ஆள் குறையும்போது சொல்லுற வார்த்தை.
'நீ பாத்தராச்சே, நீ இறங்கு'ம்பாங்க.
அதைக் கேட்டாலே எனக்குக் கண்
ஏணி எங்கேன்னு தேடும்."

சம்பளத்தில் சேருமா என்றேன்.
சிரிக்கப் போனாள். உதடு வெடித்திருந்ததால்
பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

ஒன்பதாவது அட்டையைச் சம்பூ இரண்டு முறை படித்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
மேசைக்கடியில் ரேடியேட்டர் டொக் டொக் என்றது,
நல்ல சூடு.

"இது நிற்கும்" என்றார்.
"சொன்னவர் பெயரைக் கீழே எழுது."

நெர்குய் என்று எழுதிக் கொடுத்தேன்.

"இவ்வளவு தூரம் போய்ப்
பெயர் கேட்காமலா வந்தாய்?"