பதினாறு வெள்ளை

டிம்பர் யார்டு லேஅவுட், மூன்றாவது கிராஸ்.
கடைக்கார தாமஜி பட்டேல்
சாவிக்கொத்து போல ஒன்றை என் முன் போட்டார்.
வளையத்தில் கோத்த நூற்றுச் சொச்சம் துண்டுகள்,
ஒவ்வொன்றும் ஒரு விரல் நீளம்.
"வெள்ளைதானே மேடம், எடுத்துக்குங்க."

வெள்ளைதானே என்று
என்னிடம் சொல்லக் கூடாது.
வில்சன் கார்டன் லேபில்
பதினோரு வருஷமாகப் பல் செய்கிறேன்.
பதினாறு வெள்ளை தெரியும் எனக்கு.
காப்பி குடித்த வெள்ளை, பீடி பிடித்த வெள்ளை,
கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்பு
அவசரமாகக் கேட்கப்படுகிற வெள்ளை.

அலமாரிக் கதவுக்கு எடுத்த லேமினேட்டில்
ஒரு பொட்டு மஞ்சள் உண்டு,
தயிரின் மேலாடை அளவுக்கு.
வளையத்தில் முதல் துண்டு நீலம் அடித்தது.
அடுத்தது ஆஸ்பத்திரிச் சுவர்.
ஏழாவது, ட்யூப் லைட்டில், அப்படியே பொருந்தியது.
வெளியே எடுத்துப்போய்
நின்றிருந்த டெம்போவின் பானெட்டில் வைத்தேன்.
வெயில் காட்டிக்கொடுத்துவிட்டது.
"ஸ்வல்ப டல்லு" என்றார் டெம்போக்காரர்,
யாரும் கேட்காமலே.

காதில் பென்சிலோடு பேமாராம் காத்திருந்தார்.
உள்தட்டுக்கு பாயிண்ட் எட்டு போதும்,
கதவுக்கு இரண்டு மில்லிமீட்டர் போடுங்கள்,
அடுப்புப் பக்கம் மட்டமான பி.வி.சி. சுருங்கும்,
ஏ.பி.எஸ். விலை கூட,
அக்ரிலிக்கைப் பார்க்கவே வேண்டாம்.
சிங்குக்கு அடியில் பின்னோரம் கண்ணுக்குத் தெரியாது,
சும்மா விட்டால் காசு மிச்சம்.

அறுத்த பலகையின் பக்கவாட்டைத் தடவினேன்.
ஈர அவல் போல உதிர்ந்தது.
எந்தெந்த மரத்தின் தூளோ,
பேமாராமுக்கும் தெரியாது.

ஈறுக்குக் கீழே போகிற விளிம்பையும்
யாரும் பார்ப்பதில்லை.
அங்கே ஒரு மயிரிழை விட்டால் போதும்,
மூன்றாம் வருஷம் அதே ஆள்
கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்.
"அங்கேதான் முதல்ல ஒட்டணும்" என்றேன்.
பென்சில் காதிலிருந்து இறங்கியது.

செல்வினுக்கு ஏழு படம் அனுப்பியிருந்தேன்.
"எல்லாம் ஒண்ணுதானே" என்று பதில் வந்தது.
அவன் முன்பற்களில் ஒன்று நான் செய்தது.
பைக்கில் விழுந்து வந்தவனுக்கு
ஜாதகத்துக்கு முன்னால்
பல்லுக்குத்தான் பொருத்தம் பார்த்தேன்.
பத்துக்குப் பத்து.
ஆனால் கல்யாண ஆல்பத்தில், ஃப்ளாஷ் விழுந்த
ஒவ்வொரு பக்கத்திலும்
அந்த ஒரு பல் மட்டும் இருட்டாக நிற்கிறது.
அவன் இன்னும் கவனிக்கவில்லை.
சொல்வதாகவும் இல்லை.

ஏழாவதை வளையத்தில் விட்டேன்.
"உள்ளுக்கு அது. கதவுக்கு இது."
தாமஜி கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.
செங்காவி.
"மேட்சே ஆகாது மேடம்."
"ஆமாம்."
"வெட்டினா வாபஸ் இல்லை."
"வெட்டுங்க."

அறுபத்துநாலு மீட்டர்.
வெள்ளையைப் பேமாராம் சைக்கிளில் கட்டிக்கொண்டார்.
சிவப்புச் சுருளை நான் தோளில் மாட்டி
மைசூர் ரோட்டில் பஸ் ஏறினேன்.
"இது எதுக்கு?" என்று செல்வின் கேட்டிருந்தான்,
கடைசிப் படத்துக்குக் கீழே.

கண்டக்டர் ஆதார் கார்டு கேட்டார்.
ஒரு கையால் பையைத் துழாவினேன்,
சுருள் நழுவாமல்.